பயிர்காக்கும் நுண்ணங்கிகள்

மாலையில் நீர் தெளித்தபோது பசுமையாய் நிமிர்ந்து நின்ற மிளகாய் நாற்றுக்கள், மறுநாட் காலையில் அடி கருகிச் சரிந்து கிடத்தலை வடபகுதித் தோட்டக்காரர் பலரும் கண்டிருப்பர். நாற்றுமேடையின் ஒரு மூலையில் உள்ளங்கையளவாகத் தொடங்கும் அழிவு, சில நாட்களுள் மேடை முழுவதையும் பற்றிக்கொள்ளும். ஈரம் மிகுந்த மாரிகாலத்திலும், விதையை நெருக்கமாகத் தூவிய மேடைகளிலும் இக்கேடு மிகுதி. விதைக்குச் செலவிட்ட பணம் போவதோடு இந்நட்டம் நின்றுவிடுவதில்லை. மீண்டும் விதைத்து நாற்றெடுப்பதற்குள் பருவம் தவறுகின்றது. பருவம் தவறினால் சந்தையில் விலை தவறும். விலை தவறினால் அடைவு வைத்த நகை மீளாது.

இந்நோய்க்கு நாற்றழுகல் என்பது பெயர். றைசொக்ரோனியா என்னும் பங்கசுவும், பங்கசுவைப் போலவே நூலிழைகளாய் வளரும் பித்தியம் என்னும் உயிரும் இதனை உண்டாக்குவனவற்றுள் முதன்மையானவை. இவை மண்ணில் வாழ்பவை. தண்டு முற்றாத இளநாற்றின் கழுத்துப் பகுதியில் உட்புகுந்து, அங்குள்ள இழையங்களை அழுகச் செய்கின்றன. நாற்று சரிந்து கண்ணுக்குப் புலப்படும் வேளையில், நோய் தன் வேலையை முடித்துவிட்டது என்பதே பொருள். அதன்பின் கடையில் வாங்கிவந்து ஊற்றும் மருந்து எஞ்சிய நாற்றுக்களைக் காத்தாலும் காக்கலாம், சரிந்ததை நிமிர்த்தாது.

நோய் செய்யும் உயிர்கள் மண்ணில் வாழ்கின்றன என்றால், மண்ணிலுள்ள உயிர்கள் அனைத்தையும் அழித்துவிடுதல் நன்றன்றோ என ஒருவர் கேட்கலாம். அவ்வாறு செய்தல் எளிதன்று; செய்தாலும் தீமையே விளையக்கூடும். வளமான தோட்டமண் ஒரு கிராமில் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுள் பயிருக்கு நோய் செய்வன மிகச் சிலவே. ஏனையவற்றுட் பல, சருகையும் சாணத்தையும் உக்கச் செய்து பயிருக்கு உணவாக்குவன. உணவுக்கும் இடத்துக்குமாக அவை இடையறாது ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. சில, பிற நுண்ணங்கிகளையே உணவாகக் கொள்கின்றன. இத்தகைய போட்டி நிலவும் மண்ணில் நோய்க்கிருமி தலையெடுத்தல் கடினம். வெறுமையாக்கப்பட்ட மண்ணிலோ, முதலில் வந்து சேரும் கிருமி எதிர்ப்பாரின்றிப் பரவும். ஆகவே மண்ணில் நண்பர் யாவர், பகைவர் யாவர் என்று பிரித்தறிந்து, நண்பரைப் பெருக்குதலே அறிவுடைய வழியாகும்.

இவ்வழியைத் திறந்துவைத்த ஆராய்ச்சியாளருள் றிச்சாட் வைன்ட்லிங் என்பவர் குறிப்பிடத்தக்கவர். அமெரிக்காவில் கலிபோர்ணியா மாநிலத்தில், தோடை இனத்து நாற்றுக்களை றைசொக்ரோனியா அழுகச் செய்தமை பற்றி அவர் ஆராய்ந்தார். மண்ணில் இயல்பாகவே காணப்படும் திரைக்கோடேமா என்னும் பங்கசு, றைசொக்ரோனியாவின் இழைகளைச் சுற்றிப் படர்ந்து அவற்றை அழித்தலைக் கண்டு, 1932 ஆம் ஆண்டில் அச்செய்தியை வெளியிட்டார். திரைக்கோடேமா அன்று புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. 1794 ஆம் ஆண்டிலேயே பேர்சூன் என்னும் அறிஞர் அதற்குப் பெயரிட்டிருந்தார். ஏறக்குறைய 140 ஆண்டுகளாகப் பெயர் மாத்திரம் அறியப்பட்டிருந்த ஓர் உயிரின் தொழில் இன்னதென வைன்ட்லிங்கின் ஆராய்ச்சியால் விளங்கிற்று.

திரைக்கோடேமாவைப் பலரும் பார்த்திருப்பர், பெயர்தான் அறியார். உக்கும் மரத்துண்டிலும் பழைய சருகுக் குவியலிலும் முதலில் வெண்ணிறமாகப் படர்ந்து, பின்னர் கரும்பச்சை நிறமாக மாறும் பூஞ்சணங்களுள் இதுவும் ஒன்று. அப்பச்சை நிறம் அதன் வித்திகளின் நிறமாகும்.

இது நோய்ப் பங்கசுவை அடக்கும் முறை ஒன்றன்று, பலவாகும். முதலாவது, இது விரைந்து வளர்வதால் வேரைச் சூழ்ந்துள்ள இடத்தையும் உணவையும் தனதாக்கிக்கொள்கின்றது. பின்னர் வருவோனுக்கு இருக்க இடமும் உண்ண உணவும் இல்லாதுபோகின்றன. இரண்டாவது, பகைப் பங்கசுவின் இழையை நாடி வளர்ந்து, கொடி கொழுகொம்பைப் பற்றுவதுபோலச் சுற்றிக்கொண்டு, அதன் சுவரைக் கரைக்கும் நொதியங்களைச் சுரந்து, உள்ளிருப்பதை உணவாகக் கொள்கின்றது. மூன்றாவது, பிற நுண்ணங்கிகளின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருட்களை வெளிவிடுகின்றது. நான்காவது முறை மிக வியப்பானது. திரைக்கோடேமாவின் சில வகைகள் வேரின் மேற்பகுதியில் தங்கி வாழும்போது, பயிர் தன் உடலிலுள்ள தற்காப்பு ஆற்றலை முன்னதாகவே விழிப்படையச் செய்துகொள்கின்றது. இதனால் பின்னர் இலையைத் தாக்கவரும் நோயையும் ஓரளவு எதிர்த்து நிற்கின்றது.

பங்கசுவைப் போலவே பற்றீரியாக்களிலும் பயிருக்குக் காவலானவை உள. சூடோமோனசு புளோரசென்சு என்பது அவற்றுள் ஒன்று. இது பயிரின் வேரையொட்டி வாழ்வது. உயிர்கள் யாவற்றுக்கும் சிறிதளவு இரும்புச் சத்து வேண்டும். மண்ணில் இரும்பு நிறைய இருப்பினும், கரையாத நிலையில் இருப்பதால் எளிதிற் கிடைப்பதில்லை. இப்பற்றீரியா இரும்பைக் கவர்ந்து பிடிக்கும் ஒரு பொருளைச் சுரந்து, வேரைச் சூழ்ந்துள்ள இரும்பைத் தன்வசமாக்கிக்கொள்கின்றது. இரும்பின்றி நோய்க்கிருமி நலிகின்றது. கலிபோர்ணியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 1980 ஆம் ஆண்டில் இவ்வுண்மையை எடுத்துக்காட்டினர். ஊரைச் சூழ்ந்த படை மதிலை இடிக்காது, உள்ளே உணவு செல்லும் வழியை அடைத்து வெல்வதைப் போன்றது இது.

மற்றொன்று பசிலசு சப்ரிலிசு. வைக்கோலை ஊறவைத்த நீரில் பெருகுவதால் வைக்கோற் பசிலசு என்றும் இதனை வழங்குவர். வறட்சியும் வெப்பமும் நேரும்போது இது தடித்த உறையையுடைய வித்தியாக மாறி உறங்கும். நல்ல காலம் வந்ததும் மீண்டும் விழித்தெழும். ஆதலால், தூளாகச் செய்து சேமித்து வைப்பதற்கு ஏனைய பல பற்றீரியாக்களைவிட இது மிகவும் ஏற்றது. சவர்க்காரத்தைப் போலக் கொழுப்புப் படலங்களைக் கலைக்கும் பொருட்கள் சிலவற்றை இது சுரக்கின்றது. அவை நோய்ப் பங்கசுவின் மென்சவ்வைச் சிதைக்கின்றன.

ஆராய்ச்சிசாலையிற் கண்ட உண்மை தோட்டக்காரர் கையில் வந்து சேர்வதற்கு ஒரு வடிவம் வேண்டும். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இத்துறையில் செய்த பணி பெரிது. திரைக்கோடேமாவையும் சூடோமோனசையும் வளர்த்து, மாக்கல் தூளோடு கலந்து, உழவர் எளிதாகக் கையாளத்தக்க பொடியாக அவர்கள் உருவாக்கினர். விதை 1 கிலோவுக்குத் திரைக்கோடேமாப் பொடி 4 கிராம், அல்லது சூடோமோனசுப் பொடி 10 கிராம் வீதம் கலந்து விதைத்தல் அங்கே பரிந்துரைக்கப்படும் முறையாகும். மண்ணில் இடுவதாயின், திரைக்கோடேமாப் பொடி 1 கிலோவை நன்கு உக்கிய மாட்டெரு 100 கிலோவுடன் கலந்து, நிழலில் குவித்து, இடையிடையே நீர் தெளித்து மூடிவைத்து, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை புரட்டி, ஏறக்குறைய ஒரு வாரத்தின் பின் நிலத்தில் தூவுதல் வேண்டும். அவ்வொரு வாரத்தில் அப்பங்கசு எருவை உண்டு பெருகுகின்றது. வாங்கிய பொடி விதைநெல் போன்றது. எருவே அதன் வயல்.

இங்கேதான் பலர் தவறிழைக்கின்றனர். கடையில் விற்கும் பங்கசுநாசினியைப் போன்ற ஒரு மருந்தாகவே இப்பொடியையும் எண்ணி, நோய் முற்றிய பின் வாங்கி ஊற்றி, பயனில்லை என்று கைவிடுகின்றனர். இரசாயன மருந்து வைத்தியனைப் போன்றது. நோய் தோன்றிய பின்னரும் ஓரளவு பயன்படலாம். நுண்ணங்கியோ காவற்காரனைப் போன்றது. கள்வன் வந்து பொருளைக் கவர்ந்து சென்ற பின்னர் காவற்காரனை அமர்த்துவதால் என்ன பயன்? விதையிலும், நாற்றுமேடையிலும், நடுகைக்கு முன் நிலத்திலும் இதனைச் சேர்த்துவிட்டால், நோய்க்கிருமி வருமுன்னர் இது வேரைச் சூழ்ந்து இடம்பிடித்துக்கொள்ளும். முன்னே வந்தவனுக்கே இடம் என்பது மண்ணுலகின் நியதி.

காவற்காரனுக்கு உணவும் உறையுளும் வேண்டும் என்பதையும் மறத்தலாகாது. இப்பொடியில் இருப்பது உயிர். வெயிலில் காயவிட்டாலும், வெப்பமான இடத்தில் நெடுநாள் வைத்தாலும் அது மடிந்துவிடும். ஆகையால் வாங்கும்போது பொதியின்மேல் அச்சிடப்பட்ட காலவெல்லையைப் பார்த்தல் வேண்டும். குளிர்ந்த நிழலில் வைத்தல், மாலை வேளையில் இடுதல், மண்ணில் ஈரம் இருத்தல் ஆகியவை இன்றியமையாதவை. கூட்டெருவும் பசுந்தாட் பசளையும் காணாத நிலத்தில் இது உணவின்றி நலியும். பங்கசுநாசினியுடன் ஒருங்கே கலந்து இடுதலும் ஆகாது. காபெண்டசிம் போன்ற மருந்துகள் நோய்ப் பங்கசுவையும் நன்மைப் பங்கசுவையும் வேறுபடுத்தி அறியமாட்டா. ஒரு கையால் காவலனை அமர்த்தி, மறு கையால் அவனைக் கொல்வது போலாகும் அது.

நுண்ணங்கிகளோடு சேர்த்து எண்ணத்தக்கவை தாவரங்களிலிருந்தும் பிறவற்றிலிருந்தும் கிடைக்கும் இயற்கைப் பொருட்கள். அவற்றுள் வேம்பு முதலிடம் பெறும். வேப்பங்கொட்டையிலுள்ள அசாடிராக்டின் என்னும் பொருள் 1968 ஆம் ஆண்டில் பிரித்தெடுக்கப்பட்டது. அது பூச்சிகளின் உணவு விருப்பையும் வளர்ச்சியையும் கெடுப்பது. வேப்பெண்ணெய் இலைமேற் படரும் வெண்தூட் பூஞ்சணத்தையும் அடக்கவல்லது. பங்கசுவை அடக்க வேப்பெண்ணெயைப் பயன்படுத்தும் முறையொன்றுக்கு அமெரிக்க விவசாயத் திணைக்களமும் ஒரு தனியார் நிறுவனமும் 1994 இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. இந்தியாவில் ஏற்கெனவே அறியப்பட்டிருந்த ஒன்றைப் புதுமை எனக் கொள்ளலாகாது என்று வந்தனா சிவா முதலியோர் எதிர்த்து வாதிட்டனர். 2000 ஆம் ஆண்டில் அக்காப்புரிமை நீக்கப்பட்டது; 2005 இல் மேன்முறையீடும் தள்ளப்பட்டது. வேலியில் நிற்கும் வேம்பின் மதிப்பு எத்தகையது என்பதற்கு அவ்வழக்கே சான்று.

உள்ளியும் பயன்படுவதே. ஆனால் அதன் ஆற்றல் அல்லிசின் என்னும் பொருளில் உள்ளது. 1944 ஆம் ஆண்டில் விளக்கமாக ஆராயப்பட்ட அப்பொருள் முழு உள்ளியில் இல்லை. பல்லை இடிக்கும்போதே உண்டாகின்றது. உண்டானபின் நெடுநேரம் நிலைத்திருப்பதுமில்லை. எனவே உள்ளிச்சாற்றை இடித்த அன்றே தெளித்தல் வேண்டும். போத்தலில் நாட்கணக்காக வைத்திருந்து தெளிப்பதில் பயன் குறைவு. பசுப்பாலும் இவ்வரிசையில் வருகின்றது. பிறேசில் நாட்டில், பூசணியினத்தைச் சேர்ந்த சுக்கினிப் பயிரின் வெண்தூட் பூஞ்சண நோய்க்குப் பால் கலந்த நீரைத் தெளித்து ஆராய்ந்து, அது பங்கசுநாசினிக்கு நிகராகப் பயன்பட்டமையை 1999 இல் வெளியிட்டனர். அது கண்ணாடி வீட்டினுள் நடந்த ஆராய்ச்சி என்பதையும், ஒரு குறித்த நோயைப் பற்றியதே என்பதையும் நினைவிற் கொள்ளுதல் நன்று.

இயற்கையில் கிடைப்பன யாவும் தீங்கற்றவை என்று எண்ணுதல் பெரும் பிழை. புகையிலையின் நிக்கொற்றீன் இயற்கைப் பொருளே. எனினும் அது கொடிய நஞ்சு. புகையிலைக் கசாயத்தை வெறுங்கையால் கலக்குதலும் ஆபத்தானது. மேலும், உலர்ந்த புகையிலையிலும் புகையிலைச் சித்திரவடிவ வைரசு அழியாது தங்கியிருக்கக்கூடும். சுருட்டுப் பிடித்த கையைக் கழுவாமல் தக்காளி நாற்றைத் தொடுபவர் தம்மையறியாமலே நோயை நட்டுவிடுகின்றார். துருசும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவையின் கதையும் அதுவே. 1885 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் மில்லார்டே முந்திரிகைத் தோட்டங்களுக்காக வெளியிட்ட இக்கலவை இன்றும் பயன் தருகின்றது. ஆயினும் ஆண்டுதோறும் அளவின்றித் தெளித்தால் செம்பு மண்ணில் தங்கி, மண்புழுவுக்கும் நுண்ணங்கிகளுக்கும் தீங்காகின்றது. திரைக்கோடேமாவுக்கும் மறுபக்கம் உண்டு. காளான் வளர்ப்போருக்கு அது பகைவன். காளானும் பங்கசுவே ஆதலால் அதனையும் இது அழித்துவிடும்.

எல்லா நோய்களும் இவற்றால் அடங்கும் என்பதுமில்லை. தக்காளியும் கத்தரியும் இலை பழுக்காமலே திடீரென வாடினால், பற்றீரியா வாடல் நோயோ என ஐயுறுதல் வேண்டும். அடித்தண்டை வெட்டி, வெட்டுமுனையைத் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிட்டால், சிறிது நேரத்தில் பால்போன்ற இழை வெளிப்பட்டு நீரில் இறங்கும். அது கண்டால் செடியை வேரோடு அகற்றி அழித்தலே தக்கது. அடுத்த போகத்தில் கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு என்னும் ஓரினப் பயிர்களை அங்கு நடலாகாது. சுண்டங்கத்தரியின் அடிக்கட்டையில் கத்தரியை ஒட்டி நடுதலும் இந்நோய்க்கு ஒரு காப்பாகும். வைரசு நோய் பற்றிய இலைச்சுருளை எந்த நுண்ணங்கியும் நிமிர்த்துவதில்லை. வைரசைக் கொண்டுவரும் வெண்ணீயை வேப்பங்கொட்டைச் சாற்றால் ஓரளவு கட்டுப்படுத்தலாம். நோய் இன்னதென அறியாமல் எதையும் தெளித்தல் வீண். ஐயம் நேரும்போது, நோயுற்ற செடியையே எடுத்துக்கொண்டு விவசாயப் போதனாசிரியரிடம் செல்லுதல் சிறந்தது.

இவற்றை அறிவதோடு, மாற்றத்துக்குக் காலம் வேண்டும் என்பதையும் அறிதல் வேண்டும். 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கையில் இரசாயனப் பசளைகளினதும் விவசாய இரசாயனங்களினதும் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. மாற்றுப் பசளையும் மாற்றுக் காப்பும் போதியளவு கமக்காரர் கைக்கு வந்து சேருமுன்னரே பழையவை நின்றுபோயின. நெல் விளைச்சல் வீழ்ந்தது. தேயிலையும் காய்கறியும் பாதிக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் மாதத்திலேயே தடை தளர்த்தப்பட்டது. அந்த அனுபவத்தால் இயற்கை முறை என்ற சொல்லையே வெறுப்போர் உளர். ஆனால் அங்கே தோற்றது நுண்ணங்கியன்று, ஆயத்தமின்மையே. பல ஆண்டுகள் எருவின்றி வெறும் இரசாயனத்தால் விளைந்த மண்ணில், காவலர் படையை ஒரே போகத்தில் திரட்டிவிட இயலாது.

எனினும், காலம் வேண்டும் என்பது காலங்கடத்துவதற்குச் சாட்டாகிவிடவும் கூடாது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு என்று சொல்லத்தக்க பெருநீரோட்டம் இல்லை. சுண்ணாம்புக் கற்பாறையின் இடுக்குகளில் தங்கும் மழைநீரே அதன் நீர்வளம். தோட்டத்துக்கு இறைக்கும் கிணறும் வீட்டார் குடிக்கும் கிணறும் நிலத்தின் கீழே ஒரே நீரைப் பகிர்ந்துகொள்கின்றன. மேலே மிகையாக ஊற்றப்படுவனவற்றுள் ஒரு பங்கு கீழே இறங்காது என்று எவரும் உறுதி கூறமுடியாது. ஆகவே தெளிக்கும் மருந்தில் ஒரு முறையைக் குறைக்க முடிந்தாலும், அது அவ்வீட்டுக் குழந்தைகள் குடிக்கும் நீருக்குச் செய்த காப்பேயாகும்.

இதனைத் தொடங்குவதற்குப் பெருநிலமும் பெருஞ்செலவும் வேண்டியதில்லை. அடுத்த போகத்துக்கு நாற்றிடும்போது, ஒரே அளவான இரண்டு மேடைகளை அருகருகே அமைத்தல் போதும். இரண்டிலும் ஒரே விதையை ஐதாகத் தூவி, நீர் தேங்காவண்ணம் மேடையை உயர்த்தி, ஒன்றில் மாத்திரம் திரைக்கோடேமாவைப் பெருக்கிய எருவை விதைக்கு முன்னரே கலந்துவிட வேண்டும். மற்றையது வழக்கம்போல இருக்கட்டும். நடுகைக்குப் பிடுங்கும் நாளில், இரண்டு மேடைகளிலும் தேறிய நாற்றுக்களை எண்ணி, வீட்டுக் கணக்குக் கொப்பியில் எழுதிவைத்தல் வேண்டும். இரண்டு மூன்று போகங்கள் அவ்வாறு எழுதிய பின்னர், தம் நிலத்துக்கு எது ஏற்றது என்பதைத் தோட்டக்காரர் பிறரிடம் கேட்டறிய வேண்டிய தேவை இராது.